மலடி என்னும் சொல்லும் கருப்பதியும் வரலாறும்

தொண்டைமானாற்றிலே மாரி தொடங்கியதும் ஊரவர் கண்கள் தடுப்பணைக் கதவுகளை நாடும். ஏரி நீர் கடலோடு கலக்கும் வாயிலில், உவர்நீர் உள்ளேறாது தடுக்கவும் மழைநீரைத் தேக்கவும் எழுப்பப்பட்ட அணை அது. பொழுதறிந்து கதவுகளைத் திறவாவிடின் வெள்ளம் கரைவயல்களை மூழ்கடிக்கும். பொழுது தவறித் திறந்தாலோ கடலுப்பு உள்ளே புகுந்துவிடும். அந்த ஆற்றங்கரையிலேதான் செல்வச் சந்நிதி முருகன் கோயிலும் இருக்கின்றது. பிள்ளை வரம் வேண்டி நேர்த்தி வைத்து அங்கு வரும் பெண்களைச் சிறுவயது முதல் நாம் கண்டு வருகின்றோம். கணவன்மாரும் உடன் வருவதுண்டு. ஆயினும் சுடுமணலிலே அடியழித்து வீதியைச் சுற்றி வருபவள் பெண்ணே.

நம்மவர் வழக்கில் ‘மலடி’ என்றொரு சொல் இருக்கின்றது. ‘மலடன்’ என்ற ஆண்பாற் சொல்லை அகராதியிற் காணலாம். ஊர்வாயில் அதனைக் கேட்டவர் மிகச் சிலரே. கல்யாண வீட்டில் ஆராத்தி எடுக்க ஒருத்தி முன்வருகின்றாள்; வேறொருத்தி மெல்ல அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொள்கின்றாள். எவரும் வாய்திறந்து எதுவும் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சொல் அங்கே சொல்லப்பட்டாயிற்று என்பதை அவளும் அறிவாள், நாமும் அறிவோம்.

இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாய் அமைந்தது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் வினா. நமதூரில் உள்ள வெளிக்கள நிலையத்தின் பெயர், அதன் பரீட்சைத்தாள்கள் வாயிலாக, வடபுலத்து விஞ்ஞான மாணவர் அனைவர்க்கும் தெரிந்ததொன்று. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அம்மாணவி, உயிரியல் ஆசிரியரிடம் செல்லாது, தமிழ் கற்பிக்கும் நம்மிடம் வந்தாள்.

“சேர், ‘உட்பதித்தல்’ எண்டு புத்தகத்தில கிடக்கு. ஆர் பதிக்கிறது? கருப்பையோ, முளையமோ?”

இலக்கண வினாதான். பதிதல் தன்வினை, பதித்தல் பிறவினை. ‘முளையம் பதிந்தது’ என்றால் அது தானே சென்று அமர்ந்தது. ‘கருப்பை முளையத்தைப் பதித்தது’ என்றால் வினைமுதல் கருப்பை. வினைமுதல் யாரென்று தெரியாத வினைச்சொல்லை எத்தனை ஆண்டுகளாக மாணவர் மனனஞ் செய்து வருகின்றனர்! அவள் கேட்டது சொல்லின் இலக்கணத்தை. ஆனால் அதே வினாவைத்தான் விஞ்ஞானிகள் ஒரு நூற்றாண்டு காலம் ஆய்வுகூடங்களிலே கேட்டுக்கொண்டிருந்தனர் என்பதை நாம் பின்னரே அறிந்தோம். அவ்வரலாற்றில் நாம் கற்றதை இங்கு எழுதுகின்றோம்.

மகப்பேற்று மருத்துவத்தைத் தமிழிலே எழுதும் முயற்சி யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே தங்கி, தமிழ் இளைஞருக்கு மேல்நாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர் தமிழ் மொழியிலேயே கற்பித்தார். அவர் வெளியிட்ட மொழிபெயர்ப்புகளுள் ‘பிரசவ வைத்தியம்’ 1857 இல் வந்தது. பாலூட்டிகளின் சூல் முட்டையை போன் பேயர் முதன்முதலாகக் கண்டது 1827 இல் என்பதை எண்ணினால், அக்கண்டுபிடிப்புக்கு 30 ஆண்டுகளுக்குள் நம் மொழியிலே மகப்பேற்று நூலொன்று அச்சேறியது வியக்கத்தக்கதே. ஆனால் பிரசவத்தின் முடிவைப் பற்றியே அக்காலத்தவர் அறிந்திருந்தனர். தொடக்கம் இருளில் கிடந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் வில்லியம் ஹாவி, அரசனின் வேட்டைக்காட்டுப் பெண்மான்களை, அவை புணரும் பருவம் கழிந்தபின் அறுத்தறுத்துப் பார்த்தார். வாரக்கணக்காகக் கருப்பையிலே எதுவும் தென்படவில்லை. குருதிச் சுற்றோட்டத்தையே கண்டறிந்த மேதைக்கு இது புலப்படாது போயிற்று.

மனிதக் கருவின் முதல் நாட்களைக் கண்ணாற் கண்டவர்கள் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்து ஜோன் றொக், ஆதர் ஹேர்ட்டிக் என்னும் இருவர். 1938 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, பெண்களுக்கான இலவச மருத்துவமனையொன்றில் நோய் காரணமாகக் கருப்பை அகற்றப்படவிருந்த ஏறத்தாழ 200 பெண்களின் ஒத்துழைப்போடு அவர்கள் ஆராய்ந்தனர். கிடைத்த கருக்கள் 34. அவற்றுள் 13 குறைபாடுடையவை. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை நிலைத்திருக்கக் கூடியன அல்ல. தாம் கருவுற்றிருப்பதை அப்பெண்கள் அறிந்திருக்கவில்லை. பாடப்புத்தகங்களில் வரும் மனித முளையப் படங்கள் பல இந்த 34 இலிருந்தே வந்தவை. ஆராய்ச்சியாளர் இருவரின் பெயரும் புத்தகங்களில் நிலைத்தன. இலவச மருத்துவமனைக்கு வரும் நிலையிலிருந்த அப்பெண்கள் எண்ணிக்கையாக மட்டும் நின்றுவிட்டனர்.

அவர்கள் கண்டதன் சுருக்கம் இது. சூல் முட்டை பலோப்பியன் குழாயிலே கருக்கட்டிப் பிரிந்து பிரிந்து பெருகி, ஐந்தாறு நாட்களில் நீர் நிறைந்த சிறு பந்துபோல் ஆகின்றது. நம் நாட்டுப் பாடநூல்கள் இதனை ‘அரும்பர்ச்சிறைப்பை’ என்கின்றன. கருப்பையை அடைந்த இப்பந்து, அதன் உட்படையிலே ஒட்டி, உள்ளே புகுந்து, தாயின் குருதியோடு உறவு கொள்கின்றது. ஒட்டாத பந்து மாதவிடாயோடு கழிந்து போகின்றது. எவரும் அறிவதில்லை.

இதில் காலம் என்னும் கணக்கு ஒன்று உண்டென்பதைத் தெளிவாக நிறுவியவர் சீனத்திலே பிறந்து அமெரிக்காவிலே உழைத்த எம். சீ. சாங். 1950 இல் அவர் முயல்களின் முளையங்களை ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைத்துப் பார்த்தார். முளையத்தின் வயதும், ஏற்கும் கருப்பையின் நாளும் ஒத்திருந்தால் குட்டி வளர்ந்தது. நாட்கள் விலகினால் முளையம் அழிந்தது. முளையம் நல்லது, கருப்பையும் நல்லது, நாள்தான் பிழை! பின்னர் பாரிஸ் நகரிலே அலெக்சாண்டர் சைக்கோயோஸ் எலிகளில் ஆராய்ந்து, கருப்பை முளையத்தை ஏற்கும் காலம் மிகக் குறுகியதொரு சாளரம் என்று காட்டினார். அச்சாளரம் திறக்குமுன்னும் மூடிய பின்னும் அதே கருப்பை முளையத்துக்குப் பகை நிலமாகின்றது. தடுப்பணைக் கதவின் அருகே வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று.

கதவைத் திறப்பது எது? சூலகத்தின் ஓமோன்கள் என்பது முதல் விடை. ஈஸ்திரசனும் புரொஜெஸ்திரோனும் கருப்பையை ஆயத்தப்படுத்துகின்றன. ஆனால் அவை குருதியிலே உடலெங்கும் ஓடுபவை. கருப்பை முழுவதற்கும் ஒரே செய்தியைச் சொல்பவை. முளையம் கிடக்கும் அந்த ஒரு புள்ளியிலே மட்டும் உட்படை ஏன் சிவந்து பொங்குகின்றது? எலியின் நாளத்திலே நீலச் சாயத்தைச் செலுத்தினால், கருப்பையெங்கும் வெளிறிக் கிடக்க, முளையம் ஒட்டும் இடங்களில் மாத்திரம் நீலப் பட்டைகள் தோன்றும். அங்கே நுண்குழாய்கள் கசியத் தொடங்கிவிட்டன என்பது பொருள். ஓரிடத்திலே பிறந்து, அவ்விடத்திலேயே வேலை செய்து, கண நேரத்தில் அழிந்து போகும் தூதுவன் ஒருவன் அங்கு இருந்தாக வேண்டும்.

அத்தூதுவனின் பெயர் புரொஸ்ரகிளாண்டின். அதன் வரலாறே ஒரு தனிக்கதை.

1930 இல் நியூயோர்க்கிலே கேர்ஸ்றொக், லீப் என்னும் இருவர், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கருப்பைத் துண்டுகளின்மேல் மனித விந்துநீரை இட்டுப் பார்த்தனர். சில துண்டுகள் சுருங்கின, சில தளர்ந்தன. பிள்ளை பெற்ற பெண்களின் கருப்பை தளர்ந்தது, பிள்ளையில்லாப் பெண்களின் கருப்பை சுருங்கியது என்று அவர்கள் எழுதினர். வாசகர் இதனைக் கவனிக்க வேண்டும். இந்தப் பொருளின் வரலாற்று முதல் ஏட்டிலேயே பெண்கள் இரு வரிசையாகப் பிரிக்கப்பட்டுவிட்டனர்! விந்துநீரில் ஒன்றுக்கொன்று மாறான செயலுடைய பொருள்கள் கலந்திருப்பதும், கருப்பைத் தசையின் எதிர்வினை மாதச் சுழற்சியின் நாளுக்கேற்ப மாறுவதும் பின்னரே தெரிய வந்தன. இரு வரிசைப் பாகுபாடு நிற்கவில்லை.

ஆங்கிலேயரான கோல்ட்பிளாற் 1933 இலும், சுவீடன் நாட்டு ஊல்ப் போன் ஒய்லர் அதற்கு அடுத்தும் இப்பொருளைத் தனித்தனியே கண்டனர். இது புரொஸ்ரேற்றுச் சுரப்பியிலிருந்து வருவதென்று கருதி 1935 இல் ஒய்லர் பெயரிட்டார். உண்மையில் விந்திலுள்ளதன் பெரும்பகுதி வேறொரு சுரப்பியிலிருந்து வருகின்றது. மேலும் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி உடலின் ஏறத்தாழ எல்லாத் திசுக்களும் இதனை ஆக்குகின்றன. பெண்ணின் கருப்பையிலே கருவை ஊன்றச் செய்யும் பொருளுக்கு ஆணின் சுரப்பியின் பெயர் நிலைத்துவிட்டது. பிழையான பெயரை ஒருமுறை சூட்டிவிட்டால் அதை நீக்குவது எளிதன்று என்பதற்கு ‘மலடி’ போல இதுவும் ஒரு சான்று.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், சுவீடனின் சுனே பேர்க்ஸ்றொம் செம்மறிக் கடாக்களின் சுரப்பிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்து, 1957 இல் முதல் பளிங்குகளைப் பிரித்தெடுத்தார். 1962 அளவில் அவற்றின் கட்டமைப்புத் துலங்கிற்று. 1964 இல் இவை அரக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்திலிருந்து ஆக்கப்படுவதும் தெரிந்தது. 1969 இல் கரிபியக் கடலின் பவள உயிரொன்றில் இவற்றின் இனத்துப் பொருள் மிகுதியாக இருப்பது கண்டறியப்பட, சிறிது காலம் மருந்துக் கம்பனிகளின் கண் கடலடியிலே பதிந்தது. பவளப்பாறையிலிருந்து பிறந்த சுண்ணாம்புக் கல்லின்மேல் வாழும் நமக்கு அது சுவையான செய்தியே. அதே ஆண்டில் ஆய்வுகூடத்திலேயே இதனைத் தொகுக்கும் வழியை அமெரிக்காவின் கோரி காட்டினார், பவளம் பிழைத்தது.

விலையும் அளவும் கைக்கெட்டியதும் முதலில் எதற்கு இதனைப் பயன்படுத்தினர்? கருவைப் பதியச் செய்யும் செயலை அறிவதற்கன்று; பிரசவ வலியைத் தூண்டவும், கருவை வெளியேற்றவும். 1968 முதல் சுல்தான் கரீம் உகண்டாவின் கம்பாலாவிலே, மக்கரேரே பல்கலைக்கழகத்திலிருந்து இவ்வாராய்ச்சிகளை வெளியிட்டார். 1970களில் அவர் சிங்கப்பூர் சென்று, அங்கே மகப்பேற்றியல் துறைத் தலைவராயிருந்த எஸ். ஷான் ரட்ணத்தோடு சேர்ந்து பணியாற்றினார். இலங்கையிலே பிறந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற தமிழர் ரட்ணம். 1983 இல் சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், ஆசியாவின் முதற் பரிசோதனைக்குழாய்க் குழந்தை என்று அறிவிக்கப்பட்ட குழந்தை பிறக்கக் காரணராய் இருந்தவரும் அவரே. ‘அறிவிக்கப்பட்ட’ என்று நாம் எழுதுவதன் காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 1972 இல் மனித இனப்பெருக்க ஆய்வுக்கெனத் தனித் திட்டமொன்றைத் தொடங்கியபோது, கருவளக் கட்டுப்பாட்டுக்குப் புரொஸ்ரகிளாண்டினைப் பயன்படுத்துவது பற்றிய செயற்குழுவும் அதில் இடம்பெற்றது. மருத்துவமில்லாத ஊர்களிலே குச்சியாலும் நச்சுவேராலும் கருவைச் சிதைக்க முயன்று மாண்ட பெண்களை நினைப்பவர் எவரும் அவ்வாராய்ச்சியின் நன்மையை மறுக்க மாட்டார். இன்று பிரசவத்தின் பின் பெருகும் குருதியை நிறுத்தி ஏழைத் தாய்மாரைக் காக்கும் மிசோபுரொஸ்ரோல் மாத்திரையும் இக்குடும்பத்ததே. ஆயினும் ஒன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. ஏழை நாட்டுப் பெண்ணின் கருப்பையைப் பற்றி உலகப் பணம் முதலிற் கேட்ட வினா, ‘இவள் பெறாதிருக்க வழியென்ன?’ என்பதே. ‘இவளுக்கு ஏன் கரு தங்கவில்லை?’ என்ற வினா ஆய்வுகூடத்தின் ஒரு மூலையிலே, எலிகளோடும் முயல்களோடும் காத்துக் கிடந்தது.

1971 இல் இலண்டனில் ஜோன் வேன், அஸ்பிரின் வலியைத் தணிப்பது புரொஸ்ரகிளாண்டின் ஆக்கத்தைத் தடுப்பதனாலேயே என்று காட்டினார். பேர்க்ஸ்றொம், சாமுவேல்சன் ஆகியோரோடு 1982 இல் நொபெல் பரிசு பெற்றார். அவரது கண்டுபிடிப்பு ஆராய்ச்சியாளர் கையிலே ஒரு திறவுகோலைத் தந்தது: அஸ்பிரின் போன்ற மருந்தைக் கொடுத்துத் தூதுவனைத் தடுத்து, என்ன நடக்கின்றது என்று பார்க்கலாம். 1973 இல் சாங்கின் ஆய்வுகூடத்தார் இன்டோமெதசின் என்னும் மருந்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தனர், கர்ப்பம் தடைப்பட்டது, புரொஸ்ரகிளாண்டினைத் திரும்பக் கொடுத்ததும் தடை நீங்கியது. 1977 இல் கனடாவின் கென்னடி, எலிகளில் முளையம் ஒட்டும் இடங்களிலே இப்பொருள் மிகுந்திருப்பதையும், அதைத் தடுத்தால் முன்சொன்ன நீலப் பட்டைகள் உரிய நேரத்தில் தோன்றாமையையும் காட்டினார். அதற்கு முன்னரே, 1975 இல், முயலின் முளையத்திலும் புரொஸ்ரகிளாண்டின் இருப்பதை டிக்மனும் ஸ்பில்மனும் கண்டிருந்தனர். தூதுவன் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியவன் அல்லன்.

இந்நிலையிலேதான் கல்கத்தா இவ்வரலாற்றினுள் வருகின்றது.

சுபாஷ் முகோபாத்யாய் 1931 இல் பிறந்தவர். கல்கத்தாவில் ஒரு கலாநிதிப் பட்டமும், எடின்பரோவில் 1967 இல் மற்றொன்றும் பெற்றுத் தாய்நாடு திரும்பி, அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றியவர். பலோப்பியன் குழாய் அடைபட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, உறைகுளிர் நுட்பம் அறிந்த சுனித் முகர்ஜி, மகப்பேற்று மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாசார்யா ஆகிய இருவரின் துணையோடு அவர் சிகிச்சை செய்தார். ஓமோன் கொடுத்துச் சூலகத்தைத் தூண்டிப் பல சூல்களைப் பெற்றார். உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்தார். பின்னர், அங்கேதான் அவரது நுண்மதி விளங்குகின்றது, முளையங்களை உடனே கருப்பையில் வைக்காது உறைய வைத்துக் காத்திருந்தார். மருந்தாற் தூண்டப்பட்ட மாதத்தில் ஓமோன்கள் அளவிறந்து பெருகிக் கருப்பையின் நாட்கணக்குப் பிறழ்ந்து போகின்றது. தூண்டுதலற்ற வேறொரு மாதத்தில், கருப்பை தானே ஆயத்தமான பொழுதில், உறைந்த முளையத்தை இளக்கி அவர் உள்ளே வைத்தார். கதவு திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்தார் என்பதே சரி.

1978 ஒக்ரோபர் 3 இல் பெண் குழந்தை பிறந்தது. துர்க்கை பூசைக் காலம். குழந்தையைத் துர்க்கை என்றே உலகம் அறிந்தது. இங்கிலாந்திலே எட்வேட்ஸ், ஸ்ரெப்டோ ஆகியோரின் முயற்சியால் உலகின் முதற் குழந்தை பிறந்து 70 நாட்களே ஆகியிருந்தன. எட்வேட்ஸ் குழுவினர் தூண்டுமருந்தைக் கைவிட்டு இயற்கைச் சுழற்சியில் கிடைத்த ஒற்றைச் சூலைக் கொண்டு வென்றனர். முகோபாத்யாயோ தூண்டுதலின் பயனையும் கைக்கொண்டு, அதன் கேட்டினையும் காலத்தாற் கடந்தார். உறைந்த முளையத்திலிருந்து பிறந்த முதற் குழந்தையென உலகம் ஏற்றுக்கொண்டது 1984 இல் அவுஸ்திரேலியாவில் பிறந்த குழந்தையை. இன்று முளையங்களை உறைய வைத்துக் கருப்பை இசையும் மாதத்துக்காகக் காத்திருப்பது உலகெங்கும் வழக்கமான சிகிச்சை.

ஆனால் 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசாங்கம் அவரது கூற்றை ஆராய ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவர் வானொலிப் பௌதிகவியலாளர். குழு அவர் கூறியதை நம்பத்தகாதது என்று தள்ளியது. தமது ஆராய்ச்சியை எடுத்துரைக்க ஜப்பானிலிருந்து வந்த அழைப்பை ஏற்றுச் செல்ல அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இடமாற்றம் தொடர்ந்தது. 1981 யூனில், ஓமோன் ஆராய்ச்சியே வாழ்வாகக் கொண்டிருந்த அவரைக் கண் மருத்துவ நிறுவனமொன்றுக்கு மாற்றினர். அதே மாதம் 19 ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 50.

அப்போது வங்கத்தை ஆண்டது யார்? 1977 இல் மக்கள் வாக்கினாற் பதவியேற்ற, ஜோதி பாசு தலைமையிலான இடதுசாரி முன்னணி. நிலச் சீர்திருத்தத்தாலும் ஊராட்சித் தேர்தலாலும் உழவர் வாழ்வை உயர்த்திய அந்த ஆட்சியை நாம் மதிக்கின்றோம். இதைப் படிக்கும் ஆசிரிய நண்பரும் மாணவரும் மதிப்பார்கள். ஆகவேதான் இதை மறைக்காமல் எழுத வேண்டியிருக்கின்றது. எதிரி செய்த கொடுமையை எழுதுவது எளிது. நம் பக்கத்தவர் நாற்காலியில் இருந்தபோது, கோப்புகளும் மேலதிகாரிகளும் பழைய பாதையிலேயே நடந்தன. புதியதைச் செய்தவனிடம் ‘யாரிடம் அனுமதி பெற்றாய்?’ என்ற பழைய வினாவே கேட்கப்பட்டது. தொழிலாளரும் உழவரும் பெற்ற ஆட்சியில் விஞ்ஞானி ஒருவனுக்கு நீதி கேட்க ஓர் இடம் இல்லாது போனமைக்குக் காரணம் தனியொரு அதிகாரியின் அழுக்காறு மட்டுமன்று. ஆங்கிலேயன் விட்டுச் சென்ற அலுவலகப் படிநிலையை உடைக்காது அதன் உச்சியில் மட்டும் ஆளை மாற்றினால் இப்படித்தான் நேரும் என்பது நம் கருத்து. இத்துன்பத்தைத் தழுவி ரமாபத சௌதுரி நாவலொன்று எழுதினார். தபன் சின்ஹா அதனை 1990 இல் ‘ஏக் டொக்ரர் கி மௌத்’ என்னும் இந்தித் திரைப்படமாக்கினார். உண்மையை ஏற்க அரசாங்க ஏடுகள் மறுத்தபோது, கலை அதனை ஏற்றது.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலே பயின்ற இன்னொருவர் அக்காலத்தில் அமெரிக்காவின் கன்சாசுக்குச் சென்று, முன்னர் நாம் குறிப்பிட்ட டிக்மனோடு உழைத்துக்கொண்டிருந்தார். சுதான்சு டே என்பது அவர் பெயர். கருப்பதியும் அந்தச் சில மணி நேரத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக்கொண்டவர். அரக்கிடோனிக் அமிலத்திலிருந்து புரொஸ்ரகிளாண்டினை ஆக்கும் நொதியம் ஒன்றன்று, இரண்டு என்பது 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. அவற்றுள் இரண்டாவது நொதியம் சுண்டெலியின் கருப்பையிலே முளையம் ஒட்டும் இடத்தைச் சுற்றி மட்டுமே தோன்றுகின்றது என்று டே குழுவினர் கண்டனர். முளையம் இல்லாத இடத்திலே அது அவ்வாறு தோன்றுவதில்லை. ஆகவே முளையம் அழைக்கின்றது; கருப்பை விடையளிக்கின்றது.

1997 இல் அவர்கள், ஹியுன்ஜங் லிம் முதலாசிரியராக, அந்த நொதியத்துக்குரிய பரம்பரை அலகு இல்லாத பெண் சுண்டெலிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவற்றில் சூல் வெளியேறுவதே குறைந்தது, கருக்கட்டலும் குறைந்தது. குறையில்லாத முளையங்களை வேறு சுண்டெலியிலிருந்து எடுத்து வைத்தபோதும் அவை பதியவில்லை. நல்ல விதை, ஆனால் விடையளிக்க இயலாத நிலம். 1999 இல் புரொஸ்ரகிளாண்டின் குடும்பத்து இன்னொரு பொருளான புரொஸ்ரசைக்ளினே இங்கு முதன்மையான தூதென்று காட்டினர். 2002 இல் மேலுமொன்று: அரக்கிடோனிக் அமிலத்தை விடுவிக்கும் நொதியம் குறைந்த சுண்டெலிகளிலே முளையம் பதிந்தது, ஆனால் தாமதமாகப் பதிந்தது. அந்தச் சிறு தாமதத்தின் விளைவாக முளையங்கள் நெருங்கிக் கிடந்தன, சூல்வித்தகங்கள் ஒட்டின, பல குட்டிகள் பின்னர் அழிந்தன. தொடக்கத்திற் தவறிய பொழுது கர்ப்பத்தின் இறுதிவரை துரத்துகின்றது.

முரணான முடிவுகளும் வந்தன. வேறு ஆய்வாளர் சிலர், அந்நொதியம் இல்லாத சுண்டெலிகளிலும் முளையம் பதியக் கண்டனர். சுண்டெலியின் குலவழி வேறானால் முதல் நொதியம் பெருகி இரண்டாவதன் வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்கின்றது என்று டே குழுவினரே 2004 இல் எழுதினர். சுண்டெலியிற் கண்டதை அப்படியே பெண்ணின்மேல் ஏற்றிவிட முடியாது. ஆயினும் மனிதரைப் பற்றி நேரடியாகத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் அலன் வில்கொக்ஸ் குழுவினர், பிள்ளைப்பேற்றை விரும்பிய பெண்கள் நாள்தோறும் சேர்த்துத் தந்த சிறுநீரை ஆராய்ந்து 1999 இல் வெளியிட்ட கணக்கு அது. நிலைத்த கர்ப்பங்களுள் 84 வீதமானவை சூல் வெளியேறிய எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நாட்களிலேயே பதிந்திருந்தன. ஒன்பதாம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 வீதமே அழிந்தன. பத்தாம் நாள் பதிந்தவற்றில் 26. பதினொராம் நாள் 52. அதன் பின்னர் 82. இப்பெண்களில் எவரையும் மலடி என்று எவரும் அழைத்ததில்லை. ஆனாலும் அவர்களது கர்ப்பங்களில் ஒரு பகுதி, அவர்களே அறியாது, நாளொன்று பிந்தியமையால் கழிந்தது.

மாணவிக்கு நாம் சொன்ன விடை இவ்வளவே: “பதிதலும் இல்லை, பதித்தலும் இல்லைப் பிள்ளை. ரெண்டும் சேர்ந்துதான் நடக்குது. அதுக்குத் தமிழில ஒரு வினைச்சொல் இன்னும் வரேல்லை.” அவள் சிரித்தாள். பிறகு, “அப்ப சேர், பிள்ளை தங்காட்டி ஆற்ற பிழை?” என்றாள். கூட வந்திருந்த அவளது தாயார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சைக்கு வராத அந்த வினாவைப் பற்றி அன்று நெடுநேரம் பேசினோம்; தாயாரும் பேசினார்.

இனி, விட்ட இடத்துக்கு வருவோம். முகோபாத்யாய் இறந்து ஐந்தாண்டின் பின், 1986 ஓகஸ்ற் 6 இல், பம்பாயிலே ஒரு குழந்தை பிறந்தது. இந்தியாவின் முதற் பரிசோதனைக்குழாய்க் குழந்தை என்று நாடெங்கும் கொண்டாடினர். அதற்குக் காரணர்கள் மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும், ஆராய்ச்சி நிறுவனத் தலைவராயிருந்த ரீ. சீ. ஆனந்தகுமாரும். 1997 இல், அதாவது லிம்மும் டேயும் தம் சுண்டெலிகளைப் பற்றி எழுதிய அதே ஆண்டில், ஆனந்தகுமார் கல்கத்தாவுக்குச் சென்றார். முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகள் அவரிடம் தரப்பட்டன. தூண்டுமருந்தின் அளவு, சூல் எடுத்த முறை, உறைய வைத்த முறை, கருப்பையில் வைத்த முறை ஆகிய எல்லாவற்றையும் அத்துறையின் நுட்பம் அறிந்தவர் படித்தார். படித்துவிட்டு, முதல்வர் தாமல்லர் என்று எழுதினார். ‘கறன்ற் சயன்ஸ்’ என்னும் விஞ்ஞான இதழிலே, இந்தியாவின் முதற் குழந்தை 1978 இற் பிறந்த துர்க்கையே என்றும், அதன் சிற்பி சுபாஷ் முகோபாத்யாயே என்றும் தம் பெயரிட்டு வெளியிட்டார். 2002 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அதனை ஏற்றது. அடுத்த ஆண்டு, தமது இருபத்தைந்தாம் பிறந்த நாளில், துர்க்கை பொதுமேடையிலே தோன்றித் தம்மைப் பற்றித் தாமே பேசினார்.